துயரம் ஒரு தகுதியா?

பிறர் துயரத்தைக் கேட்டு ஆற்றுப்படுத்தும் தொழிலுக்கு ஆட்களைத் தெரிவு செய்வோர், அவ்வாட்களின் சொந்தத் துயரத்தைச் சொல்லச் செய்து அதற்குப் புள்ளி வழங்குவது அறமாகுமா? இக்கேள்வியை நாம் எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. உயர்தர வகுப்பில் நம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, உளவியலிற் பட்டப்பின் படிப்புக்கான நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்ய நம்மைத் தேடி வந்த நாளில் இது பிறந்தது.

அவள் படுவான்கரையைச் சேர்ந்தவள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை மட்டக்களப்பு வாவியைப் 'பாதை'யிற் கடந்து இக்கரைக்கு வந்து படித்தவள். அவளுக்கு எட்டு வயதாயிருந்தபோது, 2007இல், தந்தை வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார். அவர் இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. இருக்கிறார் என்ற செய்தியும் வரவில்லை. மரணச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளும்படி பலர் கூறியும் தாய் இன்றுவரை இணங்கவில்லை.

"ஏன் உளவியலைத் தெரிந்தெடுத்தீர்?" என்று, பரீட்சகரைப் போல இருந்து, நாம் கேட்டோம். தான் படித்தவற்றைக் கொண்டு அவள் ஒழுங்காகவே விடையளித்தாள். நமக்கு அது போதவில்லை. "தந்தையைப் பற்றிச் சொல், அங்கிருப்பவர்களின் மனம் இளகும்" என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு அவள் சொன்னாள்: "சொன்னாப் புள்ளி கிடைக்கும் சேர். அப்பாவச் சொல்லித்தான் இடம் கிடைச்சது எண்டு அம்மாக்கிட்ட எப்படிச் சொல்றது?"

இதற்கு நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. ஈராண்டுகள் அவளுக்கு இலக்கியம் கற்பித்த நாம், துயரத்தை விலைப்படுத்தும் வித்தையை ஒரு கணத்திற் கற்பிக்க முற்பட்டோம்.

நமது அறிவுரை தீய நோக்கத்தோடு கூறப்பட்டதன்று. இடங்கள் சில, விண்ணப்பங்கள் பல என்ற நிலையில், கையிலிருப்பது எதுவாயினும் அதைப் பயன்படுத்தும்படி மாணவருக்குச் சொல்வது ஆசிரியரின் இயல்பு. ஆனால் துயரமே தகுதியாயின் இந்த மாவட்டம் முழுவதுமே தகுதி பெற்றதாகும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராமற்போயினர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் நாவலடியையும் கல்லடியையும் அழித்தது. 2019 ஏப்ரலில் சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு குழந்தைகளையும் கொன்றது. இவ்வாறு எல்லார் வீட்டிலும் உள்ள ஒன்றைக் கொண்டு ஒருவரைத் தெரிந்து மற்றொருவரை விலக்குவது எங்ஙனம்? சொல்லும் திறமையைக் கொண்டுதான். ஆகவே அங்கே அளக்கப்படுவது துயரமன்று. அதைக் கதையாக்கும் வல்லமையே. தடையின்றிச் சொன்னவர் துன்பத்தாற் பக்குவம் பெற்றவராகிறார். சொல்லும்போது குரல் உடைந்தவர் இத்தொழிலுக்கு வலுவற்றவராகிறார்.

அவள் நேர்முகத்துக்குச் சென்றாள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. "வாழ்க்கையில் நேர்ந்த ஒரு பெருந்துன்பத்தைக் கூறுக, அதை எவ்வாறு வென்றீர்?" என்று ஒருவர் கேட்டாராம். மாரிகாலத்திற் பாதை ஓடாத நாள்களிற் பள்ளிக்கு வந்து சேர்ந்த கதையை, சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அவள் கூறினாளாம். தந்தையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் தெரிவாகவில்லை. அதனாலேயே அநீதி இழைக்கப்பட்டது என்று நாம் கூறமாட்டோம். தெரிவானவர்கள் அவளினும் சிறந்தவர்களாக இருக்கலாம். நமது வழக்கு அந்தக் கேள்வியின் மீதே.

காணாமற் போனோரின் குடும்பத்தார் படும் துன்பத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் போலின் பொஸ், அதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டார். இறப்பு உறுதியாகாத இடத்தில் துக்கம் முடிவடைவதில்லை. அதை முடித்துவிடும்படி வற்புறுத்துவதும் தகாது என்பது அவர் கருத்து. இதைக் கற்பிக்கும் துறையின் வாயிலிலேயே, "எவ்வாறு வென்றீர்?" என்று கேட்கப்படுகிறது. வெல்லப்படாத துயரத்தோடு வாழ்ந்துகொண்டிருப்பவர், உண்மை பேசினாற் குறைந்தவராகவும் பொய் பேசினால் நிறைந்தவராகவும் தோன்றுகிறார்.

நேர்முகத்தின் பயனைப் பற்றி உளவியலே என்ன சொல்கிறது? இரண்டாம் உலகப் போருக்குப் பின், போரிலிருந்து மீண்ட படைவீரர்களுக்குச் சிகிச்சையளிக்க அமெரிக்காவுக்கு உளவியலாளர் பெருந்தொகையினராக வேண்டியிருந்தனர். அத்தகைய பட்டப்பின் மாணவர்களை எவ்வாறு தெரிவது என்பதைக் கெலி, பிஸ்க் என்னும் இருவர் ஆராய்ந்து 1951இல் நூலாக வெளியிட்டனர். மாணவர்களை ஒரு வாரம் தங்கவைத்துப் பலவகையாகச் சோதித்தனர், நெடுநேரம் உரையாடினர். ஆனால் கல்விச் சான்றுகளையும் எழுத்துச் சோதனைகளையும் கொண்டு செய்த கணிப்பை, நேர்முகம் பெரிதும் மேம்படுத்தவில்லை என்றே கண்டனர். 1979இல் ஹூஸ்டன் நகர மருத்துவக் கல்லூரியிலும் இது வேறொரு வழியில் வெளிப்பட்டது. மாணவர் தெரிவு முடிந்த பின்னர் மேலும் 50 பேரைச் சேர்க்கும்படி அரசு பணித்தது. நேர்முகத்திற் கீழ்நிலையில் வைக்கப்பட்டு விலக்கப்பட்டவர்களிலிருந்தே அந்த 50 பேரும் எடுக்கப்பட்டனர். படிப்பிலும் பயிற்சியிலும் அவர்கள் முதலில் தெரிவானவர்களுக்குச் சற்றும் பின்னிற்கவில்லை.

இங்கே தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. இடங்கள் மிகக் குறைவாயிருக்கும்போது, நேர்முகம் தகுதியற்றோரை விலக்கும் கருவியாக இருப்பதில்லை. தகுதியுடையோரை விலக்குவதற்குக் காரணந் தேடும் கருவியாகிவிடுகிறது. பற்றாக்குறை சமுதாயத்தின் குற்றம்; அது விலக்கப்பட்டவரின் குறையாக உருமாற்றப்படுகிறது. "நாட்டில் இடமில்லை" என்ற செய்தி, "உன்னிடம் தகுதியில்லை" என்ற சொல்லாக அவரை வந்தடைகிறது.

அப்படியாயின் நேர்முகத்தை ஒழித்துப் புள்ளிகளை மட்டும் பார்த்தால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்கும் நாம் இணங்கவில்லை. கடல்கோளுக்குப் பின்னர் இக்கரையோரத்து முகாம்களுக்கு வினாக்கொத்துகளோடு வந்தோர் பலர். பிள்ளையை இழந்த தாய் ஒரே கதையை ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்ல நேர்ந்தது. வந்தவர்களிடம் சான்றிதழ்கள் இல்லாமலில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டுச் சும்மா அருகில் இருக்கும் பொறுமைதான் பலரிடம் இருக்கவில்லை. அப்பொறுமையை எந்தப் புள்ளிப் பட்டியலும் காட்டாது. முகத்துக்கு முகம் காண்பது அவசியமே. ஆனால் எதைக் காண்பதற்கு? பேச்சு வன்மையையா, கேட்கும் வன்மையையா?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். பிரான்ஸ் பனன் 1953இல் அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனையில் உளமருத்துவராகப் பணியேற்றபோது, அந்நாட்டு நோயாளரோடு மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேச வேண்டியிருந்தது. ஆட்சியாளரின் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் கண்ட அதே மொழிபெயர்ப்பாளர் நிலையை மருத்துவ அறையிலும் கண்ட நோயாளர் உள்ளத்தைத் திறக்கவில்லை என்பதை அவர் உணர்ந்தார். நம் பகுதியில், போர்க்காலத்திற் பிள்ளைகளைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்லும் பெண்களிடம் சென்றதை பற்றீசியா லோரன்ஸ் என்னும் மானிடவியலாளர் ஆராய்ந்து எழுதினார். அந்த வாக்கு மெய்யென்று நாம் வாதிடவில்லை. எல்லா அலுவலகங்களும் கதவடைத்த காலத்தில், தம் மொழியிலேயே தம்மைக் கேட்ட ஓரிடத்துக்கு அத்தாய்மார் சென்றனர் என்பதை மட்டும் சுட்டுகிறோம். நாளை அத்தாய்மாரோடு தமிழிற் பேசப்போகிறவரின் பண்பை, இருபது நிமிட ஆங்கிலப் பேச்சைக் கொண்டு அளப்பது எவ்வகையிற் பொருந்தும்? நூல்களைப் படிக்க ஆங்கிலம் வேண்டுமெனில் அதை எழுத்துப் பரீட்சையாற் சோதிக்கட்டும்.

நாம் வேண்டுவன சிலவே. விண்ணப்பதாரிகள் எல்லாரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்படுக. பரீட்சகர் ஒவ்வொருவரும் கலந்து பேசுமுன் தனித்தனியே புள்ளியிடுக. அவரவர் மொழியிற் பேச இடமளிக்கப்படுக. தன்னைப் பற்றிப் பேசும்படி கேட்பதற்குப் பதிலாக, மற்றொருவர் கூறுவதைக் கேட்டுவிட்டு, அவர் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் எடுத்துக் கூறும்படி கேட்கலாம். சொந்த வாழ்வின் காயத்தைச் சொல்வது விண்ணப்பதாரியின் விருப்பமாக இருக்கட்டும். சொல்லாமைக்குப் புள்ளி குறையாதிருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை இழப்புகளைக் கண்ட மாகாணங்களிலே தமிழில் இப்பயிற்சி பெறுவதற்கான இடங்கள் பெருக வேண்டும். அதற்கான குரல் ஆசிரியர்களிடமிருந்தும் மாணவர்களிடமிருந்தும் எழாமல் வேறெங்கிருந்தும் எழப்போவதில்லை.

நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அடுத்த ஆண்டும் அவள் விண்ணப்பிக்க இருக்கிறாள். ஆயத்தஞ் செய்ய மீண்டும் நம்மிடம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அன்று, ஆங்கிலத்திற் பேசிப் பழக நாம் துணை செய்வோம். கேட்கப்படக்கூடிய கேள்விகளை ஒன்றுவிடாமற் கேட்போம். தந்தையைப் பற்றிச் சொல்லும்படி மட்டும் சொல்லமாட்டோம்.