மறதியும் பொறுப்பும்: நினைவாற்றல் பயிற்சிச் செயலிகள் குறித்த ஓர் அறவியல் நோக்கு

திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. மகிழ்ச்சிக் களிப்பில் கடமையை மறத்தலையே பொச்சாப்பு எனப் பரிமேலழகர் கொள்கிறார். அம்மறதி குற்றம், முயன்றால் தவிர்க்கத்தக்கது. மூளைத் தேய்வால் விளையும் மறதி அத்தகையதன்று. நினைவாற்றல் பயிற்சிச் செயலிகள் இவ்வேறுபாட்டை மங்கச்செய்கின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இயல்பான முதுமைக்கும் மறதிநோய்க்கும் இடைப்பட்ட நிலையை மருத்துவர் 'இலேசான அறிதிறன் குறைபாடு' என்பர். இந்நிலையில் நினைவு குன்றினும் அன்றாட வாழ்வைப் பெரும்பாலும் தாமே நடத்த இயலும். இவர்கள் அனைவரும் மறதிநோய்க்கு ஆட்படுவதில்லை. சிலர் இயல்பு நிலைக்கு மீள்வதும் உண்டு.

இத்தகையோர் 42 பேரைக் கொண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரு சாரார் ஐபேடில் வடிவங்களையும் அவை தோன்றிய இடங்களையும் நினைவில் இருத்தும் விளையாட்டை நான்கு வாரங்களில் எட்டு மணிநேரம் ஆடினர். மற்றவர் வழக்கமான மருத்துவக் கவனிப்பையே பெற்றனர். ஆடியோரின் நினைவாற்றல் தேர்வு முடிவுகள் மேம்பட்டன. தன்னம்பிக்கை வளர்ந்ததாகவும் அவர்கள் கூறினர். இப்பயன் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் நான்கு வார முன்னேற்றம் நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்றாகாது.

வணிகம் இவ்வெல்லையை எளிதில் கடந்துவிடுகிறது. முதுமையின் அறிதிறன் இழப்பைத் தடுக்கும் என்பன போன்ற விளம்பரங்களுக்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்ற அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, லுமோசிட்டி நிறுவனம் 2016இல் 20 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

பொய் வாக்குறுதியினும் நுண்ணிய தீங்கு ஒன்றுண்டு. பயிற்சி செய்தால் மறதி வாராது என நம்பும் குடும்பம், மறதி முற்றும்போது, 'ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை' என முதியவரையே குறைகூறும். நோய் அங்கே பொச்சாப்பாகிவிடுகிறது. மதிப்பெண் குறையுந்தோறும் அவரும் தம்மையே நொந்துகொள்வார். தாம் செய்யாத குற்றத்திற்கு அவர் நாணுவது அறமாகாது.

முயற்சி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. விரும்பி ஆடுவோர்க்குச் செயலி நல்ல துணையே. ஆனால் முயற்சி ஒருவர் கையில் உள்ளது. மூளையின் தேய்வு அவர் கையில் இல்லை. பயிற்சியைப் பரிந்துரைப்போர் இதனை முன்னரே எடுத்துரைத்தல் கடமையாகும். பெயரை மறந்த தந்தையிடம் மதிப்பெண்ணைக் கேளாது, அப்பெயரை நாமே எடுத்துச் சொல்லி உரையாடலைத் தொடர்வதே அவர் மாண்பைக் காக்கும் வழி எனலாம்.