அடுத்த சீசன்

எங்கள் லயத்து வாசலில் நின்றால் சிவனொளிபாதமலை தெரியும். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இது பெரிய சங்கதியில்லை. டிசம்பர் பூரணையில் தொடங்கி மே மாதத்து வெசாக் பூரணை வரை யாத்திரை சீசன். அந்த நாட்களில் அடிவாரத்திலிருந்து உச்சி வரை படிக்கட்டு விளக்குகள், இருட்டில் யாரோ கோடு கிழித்துவிட்டதுபோல எரியும். விடியற்காலை நான்கு மணிக்கு ரொட்டி தட்டுகிற அம்மா, அடுப்படியிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்று அந்தக் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார். "இந்த வருசம் சனம் கூட" என்பார். வெசாக் முடிந்து விளக்குகள் அணைந்ததும், "அடுத்த சீசனுக்குக் கட்டாயம் போயிட்டு வந்திரணும்" என்பார்.

அம்மா 1978இல் தோட்டத்தில் பேர் பதிந்தவர். 2016இல் பேர் வெட்டிக்கொண்டு வேலையிலிருந்து நின்றார். இடையில் 38 சீசன்கள் வந்து போயின. எங்கள் தோட்டத்திலிருந்து மலையடிவாரமான நல்லதண்ணிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். 2018 ஐப்பசியில், 57 வயதில், அம்மா இறந்துபோனார். அந்த மலையை அவர் ஏறவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்தும் காலியிலிருந்தும் இரவெல்லாம் பஸ்ஸில் வந்து ஏறுகிறார்கள். கடல் கடந்தும் வந்து ஏறுகிறார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குத் தேதி ஒன்று வேண்டியிருக்கிறது. தேதி குறித்துவிட்டால் பயணம் பாதி முடிந்துவிடுகிறது. பக்கத்தில் இருந்த அம்மாவுக்குத் தேதி தேவைப்படவில்லை. "நம்ம மலதானே, எங்க போயிரப் போகுது?" என்று சொல்லிச் சிரிப்பார். மலை எங்கும் போகவில்லைதான்.

இதை அம்மாவின் மெத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. மலையேற ஓர் இரவு வேண்டும். இறங்கி வந்து கால் வீக்கம் வற்ற இன்னொரு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளின் விலை என்னவென்று அம்மாவுக்குக் காசுக் கணக்கில் தெரியும். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாய். அதன்மேல் நாளொன்றுக்கு 140 ரூபாய் வருகைக் கொடுப்பனவு. ஆனால் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டுமே அந்த 140 கிடைக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், சாவு வீடு என்று ஏற்கனவே சில நாள் போயிருந்தால், மலைக்குப் போகிற இரண்டு நாள் அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடும். 18 நாள் கொழுந்து பறித்தவருக்கு அந்த மாதம் 2,500 ரூபாய்க்கு மேல் போய்விடும். இரண்டு நாள் சம்பளமும் அதோடு போகும். கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழுந்த நாட்களும் அதே மாதத்தில் இருந்திருந்தால், கடைக்காரரின் கொப்பி அம்மாவைப் பார்த்து வாய் திறந்துவிடும். இப்படிக் கணக்குப் பார்த்தே ஒரு பெண்ணின் முழங்கால் தேய்ந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையாக எழுதியதாகாது. அம்மா வேலைக்குப் போகாத நாட்கள் இருந்தன. பெரியப்பா மகளின் சடங்குக்கு மூன்று நாள் நின்றார். தோட்டத்துத் திருவிழாவுக்கு, காமன் கூத்துக்கு, பக்கத்துக் காம்பராவில் யாரோ ஒருவர் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது துணைக்கு, எல்லாவற்றுக்கும் நின்றார். அப்போது 140 ரூபாய் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறர் காரியம் என்றால் நாள் இருந்தது. தன் மனசில் 38 வருடம் கிடந்த ஒரே ஆசைக்கு மட்டும் நாள் இல்லை. அதைக் கேட்பது தன்னலம் என்று யாரோ அவருக்குச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எங்கள் பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

"வேலை ஒருபக்கம் முடியட்டும்" என்பது இன்னொரு பேச்சு. இதை நினைக்க நினைக்க எனக்குத் தேயிலைச் செடியே கண்முன் வருகிறது. எங்கள் முன்னோர் முதலில் வந்தது கோப்பிக்கு. கோப்பிப் பழம் பருவத்துக்குப் பழுக்கும். பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பி நடந்தார்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். பிறகு இலைநோய் வந்து கோப்பி அழிந்தது; மலைகளெல்லாம் தேயிலையாயின. தேயிலைக்குப் பருவமில்லை. இன்று பறித்த மலையில் ஒரு வாரத்தில் மறுபடி கொழுந்து நிற்கும். மழை விட்டு வெயிலடித்தால் அதற்கும் முன்னமே நிற்கும். அறுவடை முடிந்தது என்று கூடையைக் கவிழ்த்து வைக்கிற நாள் இந்தப் பயிரில் கிடையாது. வேலை முடியட்டும் என்று இந்தச் செடியின் முன்னால் காத்திருப்பவர், முடிவே வைக்கப்படாத ஒன்று முடிவதற்காகக் காத்திருக்கிறார்.

செடிக்காவது ஓய்வு உண்டு. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். இலையெல்லாம் இழந்து, வெறும் குச்சியாக, சில மாதங்கள் அந்த மலையை யாரும் தொடமாட்டார்கள். வெட்டாமல் பறித்துக்கொண்டே போனால் செடி கெட்டுவிடும் என்று துரைக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். பறிக்கிறவளுக்கு இப்படி ஒரு முறை எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஒரு மலையில் கவ்வாத்து என்றால் அம்மாவை அடுத்த மலைக்கு அனுப்பினார்கள்.

எங்கள் அப்பாயியின் காத்திருப்பு வேறு வகை. அவருக்கு 'ஊர்' என்றால் புதுக்கோட்டைப் பக்கம். "ஒரு தடவ ஊரப் பாத்துட்டு வந்துட்டாப் போதும்" என்பார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்கள் ஆனவர்களில் அவரும் ஒருவர். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். போனால் திரும்ப வர முடியாது, இருந்தால் போய்ப் பார்க்க முடியாது என்று இருந்த காலத்தில், போய்விட்டு வருகிற பயணம் அப்பாயிக்கு யாரும் தராத ஒன்று. கடவுச்சீட்டு இல்லை. பிறகு யுத்தம் வந்து தலைமன்னார்க் கப்பலும் நின்றது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தந்த சட்டம் 2003இல் வந்தது. அப்பாயி அதற்குள் மண்ணுக்குப் போய்விட்டார்.

அப்பாயி தள்ளிப்போடவில்லை, அவரைத் தள்ளிவைத்தார்கள். அம்மா தள்ளிப்போட்டார். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அப்பாயிக்குச் செய்கிற அநியாயம். ஆனால் இரண்டுக்கும் உறவு இருக்கிறது. போக முடியாத ஒருத்தியின் மடியில் வளர்ந்த வீடு, போக முடிகிற காலத்திலும் "பிறகு பார்ப்போம்" என்றே பேசப் பழகுகிறது. மூடியிருந்த கதவைத் திறந்துவிட்ட பிறகும், அது மூடியிருப்பதாகவே எண்ணி உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். என்னிடமும் இது இருக்கிறது. ஹட்டனில் ஆசிரியத் தொழில், மாதச் சம்பளம், விடுமுறை எல்லாம் இருந்தும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக நானும் அடுத்த சீசனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2017இல் பாடசாலையில் பரீட்சை வேலை. 2018இல் அம்மாவுக்கு இருமல், சரியாகட்டும் என்றேன்.

இதே மலைகளில் எதையும் தள்ளிப்போடாத சிலரும் இருந்தார்கள். நுவரெலியாவில் மேஜர் ரோஜர்ஸின் கல்லறை இருக்கிறது. யானை வேட்டைக்குப் பேர்போன வெள்ளைக்கார அதிகாரி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். சில ஆண்டுகளில் சாமுவேல் பேக்கர் வந்து நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்தினார்; ஹோட்டன் சமவெளியின் நீர்வீழ்ச்சி ஒன்று இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. இவர்களைப் புகழ எனக்கு மனம் வராது. அவர்கள் சுட்ட யானைகள் இந்த உயர்நிலத்துக்குத் திரும்பவே இல்லை. வேட்டை எங்கள் கையிலும் சுத்தமாக இல்லை: 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் பன்றிக்கோ எதற்கோ வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டி, சிகிச்சைக்குக் கொண்டுபோன சில நாளில் செத்தது. அந்தச் செய்தி படித்த அன்று வகுப்பில் எனக்குப் பாடம் ஓடவில்லை.

ஆனால் வேட்டைக்காரரிடம் ஒரு பழக்கம் இருந்தது. முதலில் நாளைக் குறித்தார்கள். மற்ற வேலையை அந்த நாளைச் சுற்றி ஒதுக்கினார்கள். அப்படி ஒதுக்க முடிந்ததற்குக் காரணம், அந்த வேலையைச் செய்ய வேறு கைகள் இருந்தன. அவர்களுக்குப் பின்னால் வந்த துரைமார் காலத்தில் அந்தக் கைகள் எங்களுடையவை. அதனாலேயே அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். துப்பாக்கி வேண்டாம். நாள் குறிக்கிற தைரியம் வேண்டும்.

புறப்பட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்வதில்லை என்பதும் இந்த மலைகளுக்குத் தெரியும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிவந்த விமானம் எங்கள் சப்தகன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள். அப்பா அப்போது இளந்தாரி. அந்த மலைக்கு ஏறிப் போனவர்களில் ஒருவர். அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒருமுறை மட்டும், "பாவம், போற வழியிலயாவது போனாங்க" என்றார். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தயில் காலை வேளையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அன்று எத்தனை "அடுத்த சீசன்" அந்த மண்ணுக்குள் போயிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போதும் நாங்கள் மலைக்குப் போகவில்லை.

அம்மாவின் மூன்றாம் மாதம் கழிந்ததும், சித்தி வீட்டுக்குப் போய், "பெப்ரவரி பூரணைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி பஸ்" என்றேன். அம்மாவின் தங்கச்சி, இன்னும் கொழுந்து பறிக்கிறவர். "எனக்குப் பேர் விழாதேப்பா" என்றார். விழாது சித்தி, என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கம்பளிச் சட்டையைத் தேட உள்ளே போனார்.

5,000க்கும் மேற்பட்ட படிகள். சித்தி மலைச்சரிவில் வாழ்நாளெல்லாம் கூடை சுமந்தவர், என்னைவிட நன்றாக ஏறினார். வழிக் கடையில் சாயத்தண்ணி குடிக்கும்போது மட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டார். முதல் தடவை வருகிற சிங்களப் பிள்ளைகள் வெள்ளை நூலை இழுத்துக்கொண்டு ஏறினார்கள்; ஒரு கிழவி சித்திக்குக் கை கொடுத்தார், பிறகு சித்தி அவருக்குக் கை கொடுத்தார்.

உச்சியில் விடிந்தது. எல்லாரும் மேற்கே விழுந்த மலையின் முக்கோண நிழலைப் பார்க்கத் திரும்பியபோது, சித்தி கிழக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தேடினார். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடாகக் கிடந்தது. அதைச் சுற்றி எங்கும் பச்சை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அந்தக் காஞ்ச மல தெரியுதா? ஆறாம் நம்பர். போன மாசம் கவ்வாத்து வெட்டினது" என்று கை நீட்டினார். பச்சைக்கு நடுவில் சிறிய பழுப்புத் துண்டு ஒன்று இருந்தது. "அதுக்கு மேலதான் நம்ம லயம். அங்கருந்துதான் அக்கா பாக்கும்."

எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை மணியடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். சித்தி ஒரு தடவை அடித்தார். கயிற்றை உடனே விடவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுத்திருந்தார்கள்.

இறங்கும்போது கால் நடுங்கியது அவருக்கு. பாதி வழியில் ஒரு படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "கதிர்காமம் எந்தத் தேதி?" என்று கேட்டார். நான் ஆடி மாதம் என்றேன்.

"மாசத்தக் கேக்கல. தேதியச் சொல்லு."