எல்லைக்கோட்டுக்கு வெளியே

கோல் அடிப்பவருக்குப் பந்து காலுக்கு வந்தால் போதும். பயிற்சியாளருக்கோ அது எங்கிருந்து, ஏன் வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெர்மனியின் யுப் ஹைன்கெஸ் அந்நாட்டுக் கால்பந்து லீக்கான பண்டெஸ்லிகாவில் 220 கோல்கள் அடித்தவர். 1974 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். கால்கள் ஓய்ந்தபின் எல்லைக்கோட்டுக்கு வெளியே வந்து நின்றார். தன்னால் நொடியில் முடிந்ததை இன்னொருவர் தவறவிடும்போது பொறுத்திருப்பது, கோல் அடிப்பதைவிடக் கடினமான கலை என்றே நினைக்கிறேன்.

பயிற்சியாளராக 1998இல் ரியல் மாட்ரிட்டுக்கு சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்று தந்தார். அந்தக் கோடையிலேயே பதவி போயிற்று. ஆனாலும் விலகிவிடவில்லை. 2013இல், 68 வயதில், பேயர்ன் மியூனிக்கோடு ஒரே பருவத்தில் மூன்று கோப்பைகள். அவற்றில் ஒன்றான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப் போட்டியில் வெற்றிக் கோலை அடித்தவர் அவரது அணி வீரர் ராபன்.