எதிலிருந்து ஓய்வு?

இன்பமாக இருப்பது ஒரு குற்றமா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், சென்ற ஜூலை மாதம் வரை நான் சிரித்திருப்பேன். இருபது வருஷம் எழுதிக் கை ஓய்ந்தவன் நாலு நாள் மலைக்காற்று வாங்கினால் அதில் என்ன குற்றம் என்று எதிர்க்கேள்வியும் போட்டிருப்பேன். இப்போது அப்படிச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போலந்து நாட்டில் கிராகோவ் நகரில் எழுத்தாளர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். கூட்டம் மூன்று நாளில் முடிந்தது. நான்காம் நாள், அந்த ஊருக்குப் போகிற எல்லாரையும் போல நானும் ஒஷ்வியென்சிம் போனேன். ஜெர்மானியர் அதற்கு இட்ட பெயரைச் சொன்னால்தான் நமக்குப் புரியும்: ஆஷ்விட்ஸ். சுமார் பதினொரு லட்சம் பேரை அங்கே கொன்றார்கள். அவர்களில் பத்து லட்சம் பேர் வரை யூதர்கள். கண்ணாடிக்குப் பின்னால் குவிந்திருந்த செருப்புகளையும் தலைமயிரையும் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே மேலும் எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்கு எழுத வேண்டாம். பார்க்காதவர்களுக்கு எழுதிப் பயனில்லை.

ஐந்தாம் நாள் நான் விமானம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மனசு கனத்துவிட்டது, கொஞ்சம் மலைப்பக்கம் போய் இளைப்பாறிவிட்டுப் போகலாம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு தெற்கே பெஸ்கிட் மலைகளுக்குப் பஸ் ஏறினேன்.

அந்த இடத்தை என்னவென்று சொல்வது! 1930களில் ஆற்றை மறித்து அணை கட்டியதால் உண்டான ஏரி. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த, உயரம் அதிகமில்லாத, வட்டமான மலைகள். எதிரே ஷார் என்ற மலை, 761 மீட்டர். அதன் உச்சிவரை இழுவை ரயில் போகிறது. பனிக்காலத்தில் சறுக்கி விளையாட வருகிறவர்கள் கோடையில் பாய்மரப் படகு விடவும், வெறுமே உட்கார்ந்திருக்கவும் வருகிறார்கள். நான் வெறுமே உட்கார்ந்திருக்க வந்தவன்.

ஏரிக்கரையில் மரப்பலகை போட்ட ஒரு சின்ன உணவு விடுதி. அங்கேதான் அந்த பீர் கிடைத்தது. ஷிவ்யெட்ஸ் என்று பெயர். அதே பெயர் கொண்ட ஊரில், ஆற்றின் வழியே கொஞ்சம் மேலே போனால் கிடைக்கும் ஊரில், 1856 முதல் காய்ச்சுகிறார்கள். புட்டியின் மேல் நாட்டுடை அணிந்து ஓர் ஆணும் பெண்ணும் ஆடுகிற படம். வாயில் முதலில் கசப்பு, பிறகு தானியத்தின் இனிப்பு, தொண்டைக்குக் கீழே மலையோடையின் குளிர்ச்சி. கூடவே ஆட்டுப்பால் கட்டியைப் புகையில் பதமாக்கி, நெருப்பில் வாட்டி, மேலே புளிப்புப் பழச் சாந்து தடவித் தந்தார்கள். காட்டிலே பறித்த புளூபெர்ரிப் பழங்களை ஒரு கிண்ணத்தில் வைத்தார்கள். நம் நாவல்பழம் போல அது நாக்கைக் கறுப்பாக்குகிறது. பக்கத்து மேஜையில் தாத்தா, மகள், பேரன் மூவரும் இருந்தார்கள். தாத்தா முன்னால் பீர், மகள் முன்னால் ராஸ்பெர்ரிச் சாறு கலந்து குழல் போட்ட பீர், பேரன் முன்னால் வெறும் சாறு. யாரும் எதையும் ஒளிக்கவில்லை. யாரும் நிலை தவறவும் இல்லை. நம் ஊரில் குடி குடும்பங்களைத் தின்பதைக் கண்டவன் நான். குடியைப் புகழ இதை எழுதவில்லை. ஆனால் அந்த மாலையில் நான் அடைந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில் அக்காவுக்குப் போன் செய்தேன். "கூட்டம் இன்னும் மூணு நாள் நீளுது அக்கா. நடுவில் விட்டுவிட்டு வர முடியாது போலிருக்கு" என்றேன். "சரிடா, காரியத்தை முடிச்சிட்டே வா. அப்பா இப்பத்தான் தூங்கினார்" என்றாள். குரல் கம்மியிருந்தது. நான் இரண்டாவது புட்டி கொண்டுவரச் சொன்னேன்.

மறுநாள் காலை அதே மேஜையில் ஒரு மூதாட்டி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவருக்கு. பேச்சுவாக்கில் அந்த ஆற்றின் பெயரைக் கேட்டேன்.

"சோவா" என்றார்.

என் கையிலிருந்த ரொட்டி பாதி வழியில் நின்றது. முந்தாநாள் முகாமைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி சொன்ன பெயர் அது. எரித்தவர்களின் சாம்பலைச் சோவா ஆற்றிலும் விஸ்துலா ஆற்றிலும் கொட்டினார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். இதே ஆறு. மேலே பீர் காய்ச்சும் ஊர். அதற்குக் கீழே நான் உட்கார்ந்திருந்த ஏரி. அதற்கும் கீழே, சுமார் முப்பது கிலோமீட்டரில், முகாம்.

என் முகம் மாறியதை அந்த அம்மாள் கவனித்துவிட்டார். "உங்களுக்கு முன்பும் இந்தக் கரைக்கு ஓய்வெடுக்க வந்திருக்கிறார்கள், தெரியுமா?" என்று கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

ஜெர்மானியர் அந்த ஆற்றைச் சோலா என்பார்கள். இந்த ஏரிக்கரையில் 'சோலாஹுட்டே', அதாவது சோலாக் குடில் என்று ஒரு விடுதி இருந்தது. கைதிகளைக் கொண்டு கட்டிய விடுதி. முகாமில் நன்றாக வேலை செய்த எஸ்.எஸ். படையினருக்குப் பரிசாக இங்கே சில நாள் விடுமுறை தருவார்கள். கார்ல் ஹோக்கர் என்ற அதிகாரி, முகாம் தளபதியின் உதவியாளன், ஒரு படத்தொகுப்பு வைத்திருந்தான். 116 படங்கள். போருக்குப் பிறகு ஓர் அமெரிக்க அதிகாரியின் கையில் அது அகப்பட்டு, 2007-ல்தான் வாஷிங்டனில் உள்ள நினைவு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் படங்களைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஒன்றில் ஒருவன் அக்கார்டியன் வாசிக்கிறான். வரிசை வரிசையாக அதிகாரிகள் நின்று வாய் நிறையப் பாடுகிறார்கள். மருத்துவன் மெங்கலேயும் அங்கே நிற்கிறான். இன்னொன்றில் முகாம் அலுவலகத்தில் வேலை பார்த்த இளம்பெண்கள் மரக் கைப்பிடிமேல் வரிசையாக உட்கார்ந்து கிண்ணங்களில் புளூபெர்ரி தின்கிறார்கள். பழம் தீர்ந்ததும் ஒருத்தி காலிக் கிண்ணத்தைக் காட்டி அழுவதுபோல் பாவனை செய்கிறாள். எத்தனை இயல்பான குறும்பு! அது 1944 ஜூலை. அந்த வருஷம் மே நடுவிலிருந்து ஜூலை 9 வரையில் ஹங்கேரியிலிருந்து மட்டும் சுமார் 4,30,000 யூதர்களை ரயில் ரயிலாக ஏற்றி அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோரை வந்த அன்றே கொன்றார்கள். வேலை அதிகம், ஆகவே ஓய்வும் வேண்டியிருந்தது.

என் மேஜையில் நேற்று வைத்த அதே பழம் இருந்தது. என் நாக்கில் அதன் கறை இன்னும் போகவில்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தப் படங்கள் ஒரு செருப்படி. நாங்கள் கொடியவனைப் படைக்கும்போது அவன் சிரிப்பில் ஒரு கோணல் வைப்போம். கண்ணில் ஒரு கொடூரம் வைப்போம். வாசகர்களும் அதை எதிர்பார்ப்பார்கள். இந்தப் படங்களில் கோணல் எதுவும் இல்லை. அவர்கள் உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறார்கள். வெயில் அவர்கள்மேலும் இதமாக விழுகிறது. சிரித்த முகம் நல்ல மனத்தின் அடையாளம் என்று நம்பி வந்தோமே, அந்த நம்பிக்கை அங்கே இடிந்தது. இன்பம் யாருக்கும் நற்சாட்சிப் பத்திரம் தருவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? சாம்பல் கரைந்த ஆற்றங்கரையில் பீர் குடிப்பது பாவம் என்று கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவதா? அந்தக் கணத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. என் எண்ணத்தை அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார்.

"1940-ல் என் தாத்தா பாட்டியை இந்த மலையடிவாரத்திலிருந்து விரட்டினார்கள். மூட்டை கட்டக்கூட நேரம் தரவில்லை. அந்தச் சில மாதங்களில் இந்த வட்டாரத்தில் பதினேழாயிரம் பேருக்கு மேல் அப்படிப் போனார்கள். எங்கள் வீட்டில் ஜெர்மானியக் குடியேறிகளை வைத்தார்கள். போர் முடிந்து திரும்பி வந்த என் பாட்டி முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? தோட்டத்தைக் கொத்தினாள். ஞாயிற்றுக்கிழமை இந்த ஏரிக்கு வந்து காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த ஏரி அந்தக் கொலைகாரர்களுடையதா? அவர்கள் சிரித்தார்கள் என்பதற்காக நாங்கள் சிரிக்கக் கூடாதா?"

எனக்குப் பதில் இல்லை. துக்கப்பட உரிமை உள்ளவர்களே மகிழ்ந்திருக்கும்போது, ஒரு நாள் வந்து பார்த்த நான் அவர்கள் சார்பில் குவளையைக் கவிழ்ப்பது வெறும் நாடகம். அந்த பீருக்கும் ஒரு கதை உண்டு. ஆலையின் சொந்தக்காரர் கார்ல் அல்பிரெக்ட், ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தவர். ஜெர்மன் மொழி பேசுகிற குலம். "நான் ஜெர்மானியன்" என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் சொத்தும் சுகமும் அவரிடமே இருந்திருக்கும். "நான் போலந்துக்காரன்" என்றார். கெஸ்டபோ அவரைச் சிறையில் போட்டு வதைத்தது. ஒரு கண் போயிற்று. போருக்குப் பின் வந்த அரசோ ஆலையைத் தேசவுடைமை ஆக்கிவிட்டது. 1951-ல் ஸ்வீடனில் இறந்தார். சுகத்தை எந்த விலைக்கு வாங்கலாம், எந்த விலைக்கு வாங்கக் கூடாது என்று தெரிந்த மனிதர்.

மலையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தேன். பீர் ஒன்றுதான், பழம் ஒன்றுதான், ஏரி ஒன்றுதான். அந்தப் பாட்டியும் இங்கே இளைப்பாறினாள். ஹோக்கரும் இங்கே இளைப்பாறினான். இன்பத்தை எடுத்து நிறுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே எடைதான் இருக்கும். வேறுபாடு இன்பத்தில் இல்லை. அவன் எதை விட்டு இங்கே வந்தான், நாலு நாள் கழித்து எதற்குத் திரும்பிப் போனான், அவன் காலை நீட்டிப் படுப்பதற்காக யார் முதுகு வளைந்தது என்பதில்தான் இருக்கிறது. ஓய்வு என்பது வாக்கியத்தின் நடுவில் வரும் காற்புள்ளி. அதற்குத் தனியாகப் பொருள் கிடையாது. முன்னும் பின்னும் நிற்கும் சொற்களே அதை நல்லதாகவோ தீயதாகவோ ஆக்குகின்றன.

ஆகவே இன்பத்தைப் பார்த்து "நீ குற்றமா?" என்று கேட்பது வீண். "எதிலிருந்து ஓய்வு? யார் செலவில் ஓய்வு?" என்று கேட்க வேண்டும்.

கேள்வியை இப்படித் திருத்திக்கொண்டதும் அது என் பக்கம் திரும்பிவிட்டது.

என்னை அந்தப் பாதகர்களோடு ஒப்பிடப் போகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அது செத்தவர்களை அவமதிப்பதாகும். மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் அது. ஆனால் கேள்வி என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான்.

எங்கள் அப்பா பக்கவாதத்தில் படுத்து ஆறு வருஷம் ஆகிறது. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. குழந்தையில்லாமல் கணவனை இழந்து பிறந்த வீடு வந்தவள். இரவில் இரண்டு தடவை எழுந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பவள் அவள். நான் பணம் தருகிறேன். மருந்து வாங்கி வருகிறேன். கதைகளில் தியாகம் செய்யும் பெண்களைப் பற்றி உருக்கமாக எழுதுகிறேன். அந்த ஆறு வருஷத்தில் அக்கா ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை என்பது, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஓர் ஏரிக்கரையில் உட்கார்ந்தபோதுதான் எனக்குக் கணக்கில் வந்தது. நான் மூன்று நாள் ஓய்வெடுத்தது மூளை களைத்ததால் அல்ல. அந்தக் கட்டிலிலிருந்து தப்பித்து. அதுவும் அவளிடம் பொய் சொல்லி.

உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் அவள் மறுத்திருப்பாளா? மாட்டாள். அதனால்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு நான் கடன்பட்டிருப்பேன். பொய் சொன்னதால் கடனே இல்லாமல் போயிற்று. நாம் சொல்லும் பல சின்னப் பொய்கள் தண்டனைக்குப் பயந்து சொல்பவை அல்ல, நன்றிக்குப் பயந்து சொல்பவை.

போன் செய்தேன்.

"அக்கா, கூட்டம் என்றைக்கோ முடிஞ்சிட்டுது. நான் மலையில உட்கார்ந்திருக்கேன். பொய் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்பாவின் இருமல் மட்டும் கேட்டது.

"ஏண்டா, அதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? இருந்துட்டு வா" என்றாள். பிறகு, "குளிரா இருக்கா அங்கே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கண் கலங்கிற்று.

"நான் வந்ததும் நீ பத்து நாள் எங்கேயாவது போய்ட்டு வா அக்கா."

"போறேன்" என்றாள் உடனே. நான் அதை எதிர்பார்க்கவில்லை. "அதெல்லாம் வேண்டாம்டா" என்பாள் என்று நினைத்திருந்தேன். என் கதைகளில் வரும் அக்காக்கள் அப்படித்தான் சொல்வார்கள். இவள் எத்தனை நாளாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாளோ! "சீசன் முடியறதுக்குள்ளே குத்தாலம் போகணும்" என்றாள்.

பேசி முடித்துவிட்டு, குவளையில் மிச்சமிருந்ததைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். முன்பைவிட அது ருசித்தது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை, அதே பீர்தான். ஆனால் அதை யாரிடமும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அக்கா குற்றாலத்துக்கு ரயில் ஏறினாள். முதல் இரவு அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கையில் என் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது தடவை எழுந்திருக்கும்போது மணி மூன்று. ஆறு வருஷத்துக்கு எத்தனை மூன்று மணிகள் என்று மனக்கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

பத்தாம் நாள் அக்கா திரும்பி வந்தாள். அருவியில் நின்று நின்று முகம் கறுத்து, பத்து வயது குறைந்திருந்தாள். "என்னடா, ரொம்பக் கஷ்டப்பட்டுட்டியா?" என்று கேட்டாள்.

இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை.

"ஆமாம் அக்கா" என்றேன்.