அது யாருடைய வேலை?

கண் மருத்துவரைப் பார்க்க அம்மாவை அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்கு அழைத்துப் போயிருந்தேன். மருத்துவமனை வேலை முடிய மதியம் இரண்டு மணியாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு மெக்சிகன் உணவகம் திறந்திருந்தார்கள். நானும் அந்த உணவை அதுவரை சாப்பிட்டதில்லை. "வா, பார்க்கலாம்" என்றேன். அம்மாவுக்கு 68 வயது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் பாதி, 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று எழுதித் திரை போட்ட அறைகளில்.

இங்கே திரை இல்லை. பக்கத்து மேசையில், தொழிற்சாலை அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த நான்கு பெண்கள் சிரித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு வந்தது. மடித்த சோள ரொட்டிக்குள் வேகவைத்த பயறு, தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய். அம்மா தொடவில்லை. "நீ தின்னு கண்ணு, அப்புறம் நான்" என்றார். அவர் முன்னால் ஒரு முழுத் தட்டு அவருக்காகவே இருந்தது. இருந்தும் கை போகவில்லை. கடைசியில் ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றுவிட்டுக் கேட்டார்: "நம்ம ராகி ரொட்டியாட்டமா இருக்குது. இதை யாரு அரைச்சா?"

ருசியைக் கேட்கவில்லை, விலையைக் கேட்கவில்லை. ராகியைத் திரிகையில் அரைத்தே தோள் தேய்ந்த ஒருத்திக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்.

மெக்சிகோவில் நூற்றாண்டுகளாக அதற்கு ஒரே பதில்: பெண்கள். மெட்டாட்டே என்ற சாய்ந்த அம்மியின் முன் மண்டியிட்டு, ஒரு குடும்பத்துக்கான மாவை அரைக்க நாளுக்கு ஐந்தாறு மணி நேரம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரைவை ஆலைகள் பரவியபோது, ஆலை மாவில் ருசியில்லை என்று ஆண்கள் பலர் எதிர்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 2011இல் அரசு மிக்ஸியும் கிரைண்டரும் இலவசமாகக் கொடுத்தபோது எங்கள் வீட்டிலும் இதே வாக்கியம் ஒலித்தது. ருசியைப் பற்றிப் பேசியவர் எவரும் அதுவரை கல்லைத் தொட்டவர் அல்லர்.

அங்கே அரைப்பதற்கு முன் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைப்பார்கள். தோல் கழலும், மாவு ஒட்டும். தானியத்துக்குள் அடைபட்டிருக்கும் நியாசின் என்ற சத்தும் உடம்பில் சேரும். ஐரோப்பியக் கப்பல்கள் மக்காச்சோள விதையைக் கொண்டுபோயின. அடுப்படியில் இருந்த இந்த அறிவைக் கொண்டுபோகவில்லை. விளைவு, சோளத்தை மட்டுமே உண்டு வாழ்ந்த வட இத்தாலிய ஏழைகளை 18ஆம் நூற்றாண்டிலிருந்து பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. தோல் வெடித்தது, புத்தி பேதலித்தது, பலர் இறந்தார்கள். விதை சொத்தாகத் தெரிந்தது. அதை உணவாக்கியவளின் அறிவு, அறிவாகவே தெரியவில்லை. அது 'அவள் வேலை'.

அந்த நாட்டிலேயே, 17ஆம் நூற்றாண்டில், சோர் ஹுவானா இனேஸ் தெ லா குரூஸ் என்றொரு கவிஞர் இருந்தார். திருமணத்தில் நாட்டமில்லாமல், படிப்பதற்கு இடம் தேடிக் கன்னிமடம் புகுந்தவர். உலகியல் படிப்பைக் குறைத்துச் சமய நூல்களைப் படி என்று கண்டித்த ஆயருக்கு 1691இல் எழுதிய நீண்ட பதிலில், சமையலறையில் தான் கவனித்த இயற்கையின் விதிகளையும் அவர் வாதமாக வைத்தார். அவரை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நானும் பெருமையாகத்தான் சொல்வேன்.

அந்தப் பெருமை அன்று ஒரு நிமிடத்தில் கழன்றது.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். சிந்தியதை விரலால் கூட்டி ஓரத்தில் வைத்தார். மேசை துடைக்க ஒரு வடநாட்டுப் பையன் வந்து நின்றான். எனக்குக் கூச்சமாக இருந்தது. "விடும்மா, அது அவங்க வேலை" என்றேன்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டேன். அது என் அப்பாவின் குரல். சின்ன வயதில் அவர் தட்டை எடுக்கப் போன என் தம்பியிடம் அவர் சொன்னது: "விடுறா, அது அவ வேலை."

இரண்டும் ஒன்றல்ல என்று உடனே எனக்குள் வாதாடினேன். அந்தப் பையனுக்குச் சம்பளம் உண்டு, வேலைநேரம் முடிவதுண்டு, பிடிக்காவிட்டால் வேறு இடம் தேடலாம். அம்மாவுக்கு இவற்றில் எதுவும் இருந்ததில்லை. வாதம் சரிதான். ஆனாலும் நான் சொன்னது அவன் உரிமையை நினைத்து அல்ல. என் வசதியை நினைத்து. பெண் சமைக்காமல் உண்ணும் உரிமைக்காகப் பேசுகிறவள் நான். அந்த உரிமை, கண்ணுக்குத் தெரியாத இன்னொருவர் முதுகின்மேல் ஏறி உட்காருவதாக இருந்தால், அப்பா உட்கார்ந்த இடத்தில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படியானால் அம்மா தட்டு அடுக்கியது அடிமைப் பழக்கமா, அன்பா? ஒரே செயல் இரண்டாகவும் இருக்கலாம். செய்யாமல் விட்டாலும் யாரும் கேள்வி கேட்காத இடத்தில் செய்வது அன்பு. விட்டால் ஏச்சு விழும் இடத்தில் செய்வது அடிமைத்தனம். வீட்டில் 50 ஆண்டுகளாக அவர் செய்த அதே செயல் அந்த மேசையில்தான் முதன்முறையாக அவருடைய விருப்பமாக இருந்திருக்கலாம். அதையும் நான் தடுத்துவிட்டேன். பையன் மட்டும் சிரித்துக்கொண்டே, "தேங்க்ஸ்மா" என்றான்.

இரவு வீடு சேர்ந்தபோது அப்பா களிக்காகக் காத்திருந்தார். துடுப்பை நான் வாங்கிக்கொண்டு கிண்டினேன். அவர் சாப்பிட்டு எழுந்தபோது, "தட்டை எடுத்துப் போட்டுருங்கப்பா" என்றேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. அவர் ஒன்றும் பேசாமல் கைகழுவப் போனார். அம்மா எழ முயன்றார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தட்டு அங்கேயே கிடந்தது.

காலையில் பார்த்தபோது அது கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. யார் கழுவியது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.