சோப்பு வைத்து அடைத்த ஓட்டை

வேத வாசிப்பு: எபிரெயர் 2:1-4



ஊழியத்திற்கு நான் ஓட்டுவது ஒரு பழைய பெட்ரோல் கார். ஒருநாள் வீட்டு ஜெபத்திற்குப் புறப்படும்போது, பின்சீட்டில் ஏறின ஒரு தாயார், "ஐயா, பெட்ரோல் வாடை குப்புன்னு அடிக்குதே!" என்றார்கள். எனக்கோ ஒன்றும் தெரியவில்லை. தினமும் அதிலேயே போய்வருகிற என் மூக்குக்கு அது பழகிவிட்டது. குனிந்து பார்த்தால் டேங்கின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது! சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்பினேன். சொட்டு நின்றது. "ஸ்தோத்திரம்" சொல்லிக்கொண்டு, சோப்பை மாற்றி மாற்றி மூன்று வாரம் ஓட்டினேன்.

கடைசியில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் ஆண்டவரை அறியாதவர்; ஆனால் அன்றைக்கு எனக்குப் பிரசங்கம் பண்ணினது அவர்தான்!

"ஐயா, எப்பவும் கொஞ்சங் கொஞ்சமாத்தான் பெட்ரோல் போடுவீங்களோ? காலியா இருக்கிற இடத்துல ஈரக்காத்து நிக்கும். ராத்திரிக் குளிர்ல தண்ணியா மாறும். தண்ணி பெட்ரோலைவிட கனம், அடியில போய்த் தங்கும். அங்கதான் துரு பிடிக்கும். இது கல்லடிச்சு விழுந்த ஓட்டை இல்லை, உள்ள இருந்து வந்தது. வெளிய சோப்பு வச்சா நிக்குமா?"

"சரி அண்ணாச்சி, பெட்ரோலை வடிச்சிட்டுப் பத்தவச்சுக் கொடுத்திருங்க" என்றேன்.

அவர் பதறிப்போனார். "வடிச்ச உடனே நெருப்புக் காட்டினா நாம ரெண்டு பேருமே இருக்க மாட்டோம்! நிறைஞ்ச டேங்கைவிட காலி டேங்குதான் ஆபத்து. உள்ள கேஸ் நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொறி போதும். கழட்டி, நல்லாக் கழுவி, கேஸ் எல்லாம் போனப்புறந்தான் பத்தவைக்கணும். ரெண்டு நாள் ஆகும்."

வண்டியை விட்டுவிட்டு நடந்துவருகையில் ஆவியானவர் என் உள்ளத்தில் பேசினார்: "மகனே, உன் டேங்க் எப்படி?"

எபிரெயர் 2:1-ல், கேட்டவைகளை விட்டு விலகாதபடி எச்சரிக்கப்படுகிறோம். 1611-ல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தின் ஓரக்குறிப்பு, அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ஒழுகுகிற பாத்திரத்தைப்போல வடிந்துபோவது என்று பொருள் தருகிறது. பாருங்கள், உடைந்த பாத்திரமல்ல, ஒழுகுகிற பாத்திரம்! பார்வைக்கு முழுசாய்த்தான் இருக்கும்.

என் காரியத்தைச் சொல்லுகிறேன். அப்பா வீட்டுப் பங்கினிமித்தம் எனக்கும் என் தம்பிக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. "அவனை மன்னித்துவிட்டேன்" என்று சபையில் சாட்சியும் சொன்னேன். அது சோப்பு! ஞாயிறு ஆராதனையில் நிரம்புவேன்; புதன்கிழமைக்குள் வடிந்துபோகும். மறுபடியும் உபவாசம் போட்டு நிரப்புவேன். ஓட்டையை மாத்திரம் தொடமாட்டேன். உள்ளத்தில் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் யாராவது அவன் பெயரைச் சொன்னால் போதும், குப்பென்று பற்றும். காலி டேங்கில் கேஸ்! அந்த வாடை என் வீட்டாருக்குத் தெரிந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். தம்பி வீட்டு வாசலில் நின்று, "தம்பி, தப்பு என்மேலதான்" என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அவன் கொஞ்சநேரம் பேசாமல் நின்றான். பிறகு, "உள்ள வாங்கண்ணே. சாப்பிட்டீங்களா?" என்றான். பங்கு விஷயம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஒழுகுவது நின்றுவிட்டது. அல்லேலூயா!

தேவபிள்ளையே, அக்கினி வேண்டும், அபிஷேகம் வேண்டும் என்று கேட்கிறாயே, நல்லது. அதற்குமுன் கழற்றிக் கழுவ உன்னை ஒப்புக்கொடுப்பாயா? காணிக்கையை வைத்துவிட்டு முதலாவது சகோதரனிடம் போகும்படி ஆண்டவர் சொன்னது (மத்தேயு 5:23, 24) இதற்காகத்தானே? அரைகுறையாய் நிரம்பாதே (எபேசியர் 5:18). மூடி மறைக்காதே (நீதிமொழிகள் 28:13).

இன்னொரு காரியம். வண்டியில் வாடை வந்தால் நான் செய்த மதியீனத்தைச் செய்யாதேயுங்கள். உடனே ஓரமாய் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லாரையும் இறக்கித் தூரமாய் அனுப்புங்கள். தீக்குச்சி கிட்டவே வரக்கூடாது.

ஜெபம்: ஆண்டவரே, வெளியே பூசினது போதும். உள்ளே இருக்கிற துருவை எனக்குக் காண்பியும். உம்முடைய இரத்தத்தால் கழுவி, அதன்பின்பு நிரப்பும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.