தோஷமும் பிராயச்சித்தமும்

நார்வேயின் பிரேவிக் சிமெண்ட் ஆலையில், புகைபோக்கி வழியே வானேற வேண்டிய கரியமில வாயுவை அமீன் என்னும் இரசாயனக் கரைசல் உறிஞ்சிக்கொள்ள, பின்னர் அக்கரைசலைச் சூடேற்றி வாயுவைப் பிரித்து, குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலேற்றி, வடகடலின் தரைக்குக் கீழே சுமார் 2,600 மீட்டர் ஆழத்துப் பாறைகளுக்குள் செலுத்தும் ஏற்பாடு 2025-இல் தொடங்கிற்று. ஆண்டுக்கு 4 லட்சம் டன். ஆலை வெளியிடுவதில் ஏறத்தாழப் பாதி. செலவில் பெரும்பகுதி அரசாங்கத்தினுடையது.

இங்கே ஒரு தர்ம விசாரம் எழுகிறது. சிமெண்டின் தோஷம் எரிபொருளில் மட்டும் இல்லை. சுண்ணாம்புக்கல் சூளையில் வெந்து, யுகயுகமாகத் தன்னுள் அடக்கிவைத்திருந்த வாயுவை விடுகின்ற அந்தக் கணத்திலேயே அதன் பெரும்பகுதி பிறந்துவிடுவதால், சூரிய சக்தியைக் கொண்டு சூளை மூட்டினாலும் அது நீங்காது. வீடும் பாலமும் வேண்டுமென்றால் இத்தோஷம் கூடவே வரும். அதற்குப் பரிகாரம் தேடுவது நியாயமே. ஆனால் நிலக்கரியை விட்டொழிக்க வழியிருந்தும் விடாதவர், இதே யந்திரத்தை நிறுவிவிட்டுப் பாவம் தீர்ந்ததென்று ஆறுதல் கொள்வது எங்ஙனம் பொருந்தும்? பிராயச்சித்தத்துக்கு உயிர்நாடி, இனிச் செய்யேன் என்னும் சங்கல்பமன்றோ! ஆகவே, மாற்று வழியுள்ள தொழில்களுக்கு இவ்யந்திரத்தின் பேரால் பொதுப்பணத்தை வாரி வழங்குவது தர்மமாகாது என்றே நான் கருதுகிறேன்.